வைக்கோல் பெட்டியில் வந்த பரிசம்

"...வைக்கலு கீது, கொள்ளு கீது, எல்லாம் கரீட்டு சார். குதிர எங்க? வெளிய கட்டிட்டு வந்துட்டீங்களா?" என்று ஏகாம்பரம் கேட்டார்.

கேட்ட இடம், பொழிச்சலூரில் அவருடைய வீட்டுக் கூடம். கேட்ட நேரம், என் தம்பி சேகரின் நிச்சயதார்த்தத்துக்குக் குறித்த நல்ல நேரம். கேட்கப்பட்டவன் நான். சுற்றிலும் இருபத்தைந்து முப்பது பேர். நடுவே ஜமக்காளத்தின் மேல், நானே பெருமையாகத் திறந்து வைத்த ஒரு பச்சை டிரங்குப் பெட்டி. பெண்ணுக்கு வாங்கிய அரக்கு நிறப் பட்டுப்புடவை இருக்க வேண்டிய பெட்டி அது. உள்ளே இருந்தது வைக்கோல். வைக்கோலுக்கு நடுவே ஒரு எவர்சில்வர் தூக்கு. தூக்குக்குள்ளே கொள்ளுக் கஞ்சி. (நல்ல சூடாக இருந்தது. அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.)

இது நடந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இதற்கு யார் காரணம் என்று நானும் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். கிரகம் என்று பார்த்தேன், பஸ் கண்டக்டர் என்று பார்த்தேன், என் மனைவி விஜயா என்றுகூட ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன் (ஒரே ஒரு தடவைதான்). யார் மேலும் ஒட்டவில்லை. காரணம் நான்தான். இன்னும் சரியாகச் சொன்னால், அந்த நாளில் எனக்குப் பிடித்திருந்த சிக்கனப் பித்து.

எண்பதுகளின் பின்பாதி. குரோம்பேட்டையில் ஸ்டேஷனுக்குக் கிழக்கே இரண்டு அறையும் ஒரு சமையற்கட்டுமாக வாடகை வீடு. நான், விஜயா, கல்யாணம் ஆகாத தம்பி சேகர், மூன்று பேர்தான். அப்பா அம்மா இல்லாததால் சேகருக்கு எல்லாமே நாங்கள்தான். நான் கிண்டியில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் கிளார்க். படிப்பு பத்தாவதோடு சரி. மீதியை எல்லாம் பிறத்தியார் பேச்சிலும், கடலை மடித்துத் தருகிற காகிதத்திலும்தான் படித்தேன்.

கடலைக் காகிதம் என்பதைக் கேலியாகச் சொல்லவில்லை. என் தலையெழுத்தே அதில்தான் வந்தது. ஒரு நாள் மின்சார ரயிலில் கடலையைத் தின்று முடித்துவிட்டுக் காகிதத்தைப் பிரித்தால், ஏதோ பத்திரிகையின் கட்டுரை. குறைந்த செலவில் நிறைந்த ஆரோக்கியம் என்கிற மாதிரி விஷயம். கஞ்சியோ சோறோ பத்து நிமிஷம் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, பாத்திரத்தை அப்படியே வைக்கோல் நிரப்பிய பெட்டிக்குள் புதைத்து மூடினால், உள்ளே இருக்கிற சூட்டிலேயே நாலைந்து மணி நேரத்தில் தானாக வெந்துவிடும். கேஸ் மிச்சம், சத்து பத்திரம். அதற்கு மேல் காகிதம் கிழிந்திருந்தது. கட்டுரையின் பின்பாதி வேறு யாருடைய கடலைக்கோ போய்விட்டது. 'பெட்டியின் மேல் அடையாளம் எழுதி வைக்கவும்' என்ற வரி அதில்தான் இருந்திருக்கும் என்பது என் திடமான நம்பிக்கை.

அதற்கு முன்பே எங்கள் வீட்டில் என் ஆட்சி நடந்துகொண்டுதான் இருந்தது. பற்பசை டியூப்பைக் கத்தரிக்கோலால் வெட்டி உள்பக்கம் வழித்தாகிவிட்டது. காப்பியை நிறுத்தி சுக்குமல்லி வந்தாகிவிட்டது. பல்லாவரம் வரைக்கும் எந்த வேலையானாலும் நடைதான். காலுக்கும் நல்லது, சட்டைப்பைக்கும் நல்லது. மண்ணெண்ணெய்க்காரர் ஒரு நாள் வாசலில் நின்று, "ஏம்மா, உங்க வூட்ல அடுப்பு எரியறதே இல்லியா? இல்ல, வேற யார்கிட்டயாவது எண்ண வாங்கறீங்களா?" என்று விஜயாவிடம் கேட்டார். எனக்கு அது பாராட்டாகத்தான் கேட்டது. அந்த வாக்கியத்தை ஆபீசில் நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

வைக்கோல் பெட்டிக்கு முதலில் ஒரு பெட்டி வேண்டுமே. விஜயாவுக்குக் கல்யாணச் சீராக அவள் அப்பா இரண்டு டிரங்குப் பெட்டி கொடுத்திருந்தார். இரண்டும் ஒரே அளவு, ஒரே பச்சை, இரண்டின் மூடியிலும் வெள்ளைப் பெயிண்டில் 'சௌ. விஜயா' என்று ஒரே கையெழுத்து.

"எங்கப்பா எனக்குத் துணி வைக்கக் குடுத்த பொட்டி அது" என்றாள் விஜயா.

"சோறும் ஒரு தேவைதானே விஜி."

"அப்ப உங்க வேட்டியை எல்லாம் அரிசி டின்னுல வைக்கட்டுமா?"

அது காதில் விழாத மாதிரி நான் பெட்டியை எடுத்துக்கொண்டேன்.

வைக்கோலுக்கு எங்கள் பால்காரரிடம் போனேன். அவர் எருமைக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தார். "சார், மாடு வாங்கிட்டீங்களா?" என்றார் சந்தோஷமாக. பிறகு முகம் மாறி, "அப்ப எங்கிட்ட பால் வாங்க மாட்டீங்களா?" என்றார். மாடு இல்லை, வைக்கோல் சமையலுக்கு என்று விளக்கினேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "வைக்கலையா சார் துண்ணப் போறீங்க? இன்னா சார், கம்பெனில சம்பளம் கிம்பளம் வர்லியா?"

வைக்கோலுக்கு அவர் காசு வாங்கவே இல்லை. பாவம் பார்த்துக் கொடுத்தார். அந்த வாரம் பாலும் கொஞ்சம் கூடவே ஊற்றியதாக விஜயா சொன்னாள்.

பெட்டி வேலை செய்தது. அதுதான் வினை. முதல் நாள் சோறு, இரண்டாம் நாள் பாசிப்பயறு, மூன்றாம் நாள் கொள்ளு. கொழுப்பைக் கரைக்கும் என்று யாரோ சொன்னதால் கொள்ளுக் கஞ்சியையே வாரத்தில் நாலு நாள் வைத்தேன். (எங்கள் மூன்று பேரில் யாரிடமும் கரைப்பதற்குக் கொழுப்பே இல்லை. அது பிறகுதான் தோன்றியது.) சேகர் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லாமல் குடிப்பான். அவன் எதற்குமே ஒரு வார்த்தை சொல்ல மாட்டான்.

அதுதான் அவன் கல்யாணத்துக்கு இருந்த ஒரே தடை. சேகர் அம்பத்தூர் பக்கம் ஒரு பட்டறையில் டர்னர். நல்ல வேலைக்காரன், கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. ஆனால் பெண் பார்க்கப் போனால் வாயே திறக்க மாட்டான். மூன்று இடம் அப்படியே தட்டிப்போனது. "பையன் நல்ல பையன்தான், ஆனா பேசுவாரா?" என்று ஒரு வீட்டில் என்னையே கேட்டார்கள். நான் அவன் சார்பில் அதிகமாகப் பேசி அந்த இடத்தையும் கெடுத்தேன்.

நாலாவது இடம்தான் பொழிச்சலூர். பெண் கஸ்தூரி, பம்மலில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுக்கிற வேலை. அவளுக்கும் அப்பா இல்லை. தாய்மாமன் ஏகாம்பரம்தான் வளர்த்தவர். பம்மல் பக்கம் ஒரு தோல் பட்டறையில் மேஸ்திரி. ஆறடி உயரம், முறுக்கு மீசை, யாரைப் பார்த்தாலும் சந்தேகமாகத்தான் பார்ப்பார். பெண் பார்க்கப் போன அன்றைக்கு நான் பேச்சுவாக்கில், "உங்க மாப்பிள்ளை அதிகம் பேச மாட்டார், ஆனா..." என்று ஆரம்பித்தேன்.

"மாப்பிள்ளை இல்ல சார். தம்பி." அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "இதுக்கு முன்னாடி ஒர்த்தன மாப்ளே மாப்ளேன்னு கூப்ட்டு, ஒரு மாசம் தலமேல தூக்கி வச்சினு ஆடுனேன். தட்டு மாத்தறதுக்கு ரெண்டு நாள் கீது, வேற எடம் பாத்துட்டோம்னு ஆள் அனுப்புறாங்கோ. எங்க பொண்ணு பத்து நாள் சரியா சோறு துண்ல. அத்தோட முடிவு பண்ட்டேன். தட்டு மாத்தற வரிக்கும் எவனா இருந்தாலும் எனக்குத் தம்பிதான்."

அன்று திரும்பி வரும்போது பம்மல் பஸ் ஸ்டாப்பில் சேகர் தானாகவே பேசினான். "அண்ணா, இது முடிஞ்சா நல்லாருக்கும்." அவன் வாழ்க்கையில் அதுவரைக்கும் என்னிடம் பேசிய மிக நீளமான வாக்கியம் அது. கேட்காமல் பேசிய ஒரே வாக்கியமும் அதுதான். அதனால் இதை நல்லபடியாக முடித்தே தீருவது என்று நான் சபதம் செய்துகொண்டேன். நான் சபதம் செய்தால் விஜயாவுக்கு உடனே தலைவலி வரும். அன்றைக்கும் வந்தது.

நிச்சயதார்த்தத்துக்கு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நாலரைக்குள் என்று நேரம் குறித்தார்கள். நாலரைக்கு ராகு காலம். அதற்கு முன் தட்டு மாற்றிவிட வேண்டும். எல்லாரும் வேன் வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு வரிசைத் தட்டோடு போவார்கள். நான் யோசித்தேன். புடவை, ரவிக்கைத் துணி, குங்குமச் சிமிழ், தட்டுகள், இவ்வளவுதானே? எல்லாவற்றையும் ஒரே டிரங்குப் பெட்டியில் அடுக்கி, பஸ்ஸில் கொண்டுபோய், அங்கே போனதும் தட்டில் பரப்பிக்கொண்டால் ஆயிற்று. பழம், பூ, வெற்றிலையை விஜயா ஒயர் கூடையில் எடுத்துக்கொள்வாள்.

"கல்யாணத்துக்காவது வேன் உண்டா, இல்ல பொண்ணு மாப்பிள்ளையையும் பொட்டில வச்சுத் தூக்கிட்டு வந்துடுவீங்களா?" என்று விஜயா கேட்டாள். அன்றைக்கு நான் சிரித்தேன்.

சனிக்கிழமை ராத்திரியே புடவைப் பெட்டி தயார். விஜயா அதை எங்கள் அறையில் கட்டிலுக்குக் கீழே தள்ளி வைத்தாள். ஞாயிறு காலையில் கூடுவாஞ்சேரியிலிருந்து பெரியப்பாவும் பெரியம்மாவும் வந்தார்கள். சாயங்காலம் திரும்பி வந்து அவர்களுக்கு யார் சமைப்பது? எனக்கு உடனே யோசனை வந்தது. மத்தியானம் கொள்ளும் நொய்யும் போட்டுக் கொதிக்கவைத்து, இறுக்கமான மூடிபோட்ட தூக்கில் ஊற்றி, வைக்கோல் பெட்டிக்குள் புதைத்துவிட்டேன். திரும்பி வரும்போது சுடச்சுடக் கஞ்சி. கேஸ் ஒரு பொட்டுகூட ஆகாது.

பெரியம்மாவுக்கு வெயிலில் வந்த அசதி. சமையற்கட்டுத் தரைதான் சில்லென்று இருக்கிறது, அங்கேயே கொஞ்சம் கட்டையைச் சாய்க்கிறேன் என்றார். அவர் கால் நீட்டுவதற்காக விஜயா அங்கே இருந்த வைக்கோல் பெட்டியைத் தூக்கி வாசல் கதவோரம் வைத்தாள்.

இவ்வளவுதான் நடந்தது. கிளம்புகிற அவசரத்தில் வெளியே வந்தேன். கதவோரம் பச்சைப் பெட்டி, மூடியில் 'சௌ. விஜயா'. நல்ல பெண்டாட்டி, எடுத்துத் தயாராக வைத்திருக்கிறாள் என்று நினைத்துத் தூக்கினேன். கட்டிலுக்குக் கீழே இருந்ததை நான் எடுத்து வந்துவிட்டேன் என்று அவள் நினைத்துக் கதவைப் பூட்டினாள். சாவியைத் தாலிச் சரட்டில் மாட்டிக்கொண்டு, "கெளம்பலாம்" என்றாள்.

பெட்டி கனத்தது. பட்டு என்றால் சும்மாவா என்று நினைத்துக்கொண்டேன். பஸ்ஸில் பெண்கள் ஒரு பக்கம் போய்விட்டார்கள். நான் இந்தப் பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் தொடை சுட்டது. வெயிலில் தகரம் காய்ந்திருக்கிறது என்று கைக்குட்டையை மடித்துக் கீழே வைத்துக்கொண்டேன். மூடி இடுக்கில் ஒரு வைக்கோல் நீட்டிக்கொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை. கண்டக்டர் பார்த்தார்.

"இன்னா சார் பொட்டில? கோழியா? உயிருள்ளதுன்னா லக்கேஜ் போடணும்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி சொன்னேன்: "பட்டுப்புடவை! நிச்சயதார்த்தத்துக்குப் போறோம்!"

"அப்ப சரி. கூவாம பாத்துக்கோங்க" என்று அவர் முன்னால் போய்விட்டார்.

பொழிச்சலூரில் போய் இறங்கும்போது மூன்றரை. நல்ல வரவேற்பு. பன்னீர் தெளித்தார்கள், சந்தனம் கொடுத்தார்கள். கூடத்தில் ஒரு பக்கம் சேகர் உட்கார்ந்தான், புதுச் சட்டையில் காலர் பொத்தான்கூடத் திறக்காமல். உள்ளறைக் கதவுக்குப் பின்னால் கஸ்தூரி. ஏகாம்பரம் சுவரில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். விஜயா பழங்களை எடுத்து வைத்தாள். "புடவையை எடுங்க" என்று பெரியப்பா சொன்னார்.

நான் பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு சின்னப் பேச்சும் பேசினேன். ஆடம்பரம் எங்களுக்குப் பிடிக்காது, எளிமையான குடும்பம், ஆனால் கொடுப்பதைத் தரமாகக் கொடுப்போம். அப்படி ஏதோ. பேசி முடித்துவிட்டு மூடியைத் தூக்கினேன்.

முதலில் வாசனை வந்தது.

ஏன் என்று தெரியாமல் நானே கையை உள்ளே விட்டு வைக்கோலை விலக்கினேன். அடியில் எங்கேயாவது புடவை இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. தூக்கு வந்தது. அதையும் திறந்து பார்த்தேன். (எதற்குத் திறந்தேன்? பட்டுப்புடவையை யாராவது தூக்கில் வைப்பார்களா? ஆனால் அந்த நிமிஷத்தில் கை அதன்பாட்டுக்குப் போகிறது.) குபுகுபுவென்று ஆவி கிளம்பி என் கண்ணாடி முழுதும் மூடிவிட்டது.

விஜயா என் காதோரம் குனிந்து சொன்னாள்: "பொட்டி மேல என் பேரு வேற எழுதியிருக்கு."

நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தம்பியைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. உள்ளறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். காது இரண்டும் சிவந்திருந்தன. 'இது முடிஞ்சா நல்லாருக்கும்' என்று சொன்ன பையன். முதல் தடவை இவர்களைக் கடைசி நேரத்தில் ஏமாற்றியவன் ஆள் அனுப்பினான். இரண்டாவதாக நாங்கள் வைக்கோல் அனுப்பியிருக்கிறோம். இதைக் கேலி என்று எடுத்துக்கொள்ள அவர்களுக்கு எல்லா நியாயமும் இருந்தது. பின்வரிசையில் ஒரு அம்மாள், "இன்னாடி இது, அவமானம் பண்ண வந்துக்கீறாங்களா?" என்று கேட்டது என் காதிலும் விழுந்தது.

மூன்று இடத்தில் தம்பிக்காக ஓயாமல் பேசியவன், பேச வேண்டிய இடத்தில் ஊமையாகிவிட்டேன். சுவரிலிருந்து ஏகாம்பரம் மெல்ல நகர்ந்து வந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒரு வைக்கோலை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தார். தூக்குக்குள் எட்டிப் பார்த்தார். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். வைக்கல் இருக்கிறது, கொள்ளு இருக்கிறது, குதிரை எங்கே என்று.

உள்ளறைக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. அடக்கி அடக்கிப் பார்த்து முடியாமல் வந்த சிரிப்பு. கஸ்தூரிதான்.

அப்புறம் என்ன ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். விஜயாவிடம் சாவியை வாங்கியதும், புடவைப் பெட்டியை எடுத்துவர ஏகாம்பரமே தன் மோட்டார் சைக்கிளில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு குரோம்பேட்டைக்குப் பறந்தார். பம்மல் தாண்டியதும் தலையைத் திருப்பாமலே, "ஏன் சார், அந்த வைக்கல் பொட்டில மாட்டுக்கறி வேவுமா?" என்று கேட்டார். நான் கோபமா கேலியா என்று தெரியாமல், "இன்னும் செஞ்சு பாக்கல" என்றேன். அது உண்மையான சந்தேகம்தான் என்று பிறகு தெரிந்தது. இரண்டு மாதத்தில் அவர் வீட்டிலும் ஒரு பெட்டி வந்துவிட்டது. மூடியில் சிவப்புப் பெயிண்டில் கொட்டை எழுத்தில் 'சோறு' என்று எழுதி வைத்திருந்தார். என்னைவிட விவரமானவர்.

நாலரைக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது தட்டு மாற்றினோம். கல்யாணத்துக்கு வேன் வைத்தேன். விஜயா தன் பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள், வைக்கோல் வாசனை போக ஒரு வருஷம் ஆயிற்று. இன்றைக்கும் சேகர் வெளியே போய்விட்டு வீட்டுக்குள் நுழைந்தால், "குதிரை வந்துடுச்சு, கொள்ளு ஊற வைங்க" என்று உள்ளேயிருந்து கஸ்தூரியின் குரல் வரும். அவர்களுக்கு முதல் பெண் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் குழந்தையைக் கையில் வாங்கிய ஏகாம்பரம், நர்சுக்கு எதிரேயே, "குதிரக்குட்டி நல்லா கீது" என்றார். அந்தக் குட்டி இப்போது வேலைக்குப் போகிறது. நானும் விஜயாவும் எங்கே பயணம் கிளம்பினாலும், "பெரியப்பா, பொட்டியத் தெறந்து பாத்துட்டீங்களா?" என்று போனில் கேட்கிறது.

ஆனால் இதெல்லாம் பிறகு நடந்தது. அந்த நிமிஷத்தில், தட்டும் மாற்றாமல், புடவையும் இல்லாமல், கூடமே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, கதவுக்குப் பின்னாலிருந்து வந்த அந்தச் சிரிப்பை ஏகாம்பரம் தலையைச் சாய்த்துக் கேட்டார். அது நிற்கிற வரைக்கும் கேட்டார். பிறகு, "யாராவது ஒரு டம்ளர் கொண்டாங்கம்மா" என்றார். டம்ளர் வந்தது. தூக்கைத் தூக்கி, ஒரு சொட்டு சிந்தாமல், விளிம்பு வரைக்கும் கஞ்சியை ஊற்றினார். எழுந்து என்னைத் தாண்டி, பெரியப்பாவைத் தாண்டி, நேரே சேகருக்கு முன்னால் போய் நின்றார். அந்த ஆறடி உடம்பை வளைத்து, இரண்டு கையாலும் டம்ளரை நீட்டி,

"குடிங்க மாப்ளே" என்றார்.